ஹெலனுக்கு எடுத்த அந்தியேட்டி

பினாங்குத் தமிழர் திரைப்பட ரசனைக் கழகத்தில் குறை சொல்ல வழி கிடையாது. வரவேற்கலாம், வாழ்த்தலாம், பொன்னாடை போர்த்தலாம், நன்றி கூறலாம். யாராவது இறந்துபோனால் அனுதாபம் தெரிவிக்கலாம். இவற்றைத் தவிர வேறு எதற்கும் கழகத்தின் சட்டவிதியில் இடமில்லை. எனக்கு இது தெரியாமல் போய்விட்டது. தெரிந்திருந்தால், ஒரு சினிமா நன்றாயில்லை என்று சொல்லப் போனவன், அந்தச் சினிமாவில் செத்துப்போன வெள்ளைக்காரப் பெண்ணுக்கு அந்தியேட்டிச் சடங்கு நடத்திவிட்டு வீடு திரும்பியிருக்க மாட்டேன்.

என் பெயர் அப்புத்துரை. யாழ்ப்பாணத்து அப்பாவுக்குப் பினாங்கில் பிறந்தவன், அதனால் கழகத்திலும் உறுப்பினன். பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். வந்திறங்கும் பெட்டிகளைத் திறந்து பார்ப்பதும், சரியில்லாததில் சிவப்பு 'ரிஜெக்ட்' ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவதும்தான் என் வேலை. ஒட்டினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சப்ளையர் வருவான், முணுமுணுப்பான், எடுத்துக்கொண்டு போய் வேறு கொடுப்பான். உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது என்று நம்பிக்கொண்டு இருந்தவன் நான்.

என் மனைவி ஞானாம்பிகை இடைநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். மூன்று தடவை அவளுக்கு நோய் வந்தது. முதல் தடவை ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்திருந்தபோது, பொழுது போகட்டும் என்று வீடியோ கடையில் ஒரு கேசட் எடுத்து வந்தேன். 'சால்ட் மூன்' என்று பெயர். நான் அதை நிலாவில் டூயட் பாடுகிற படம் என்று நினைத்து எடுத்தேன். அது அப்படியில்லை.

ஏதோ ஒரு கிரகத்தின் நிலாவில் உப்புச் சுரங்கம். உப்புக்குள் ஒரு பிராணி தூங்குகிறது. தண்ணீர் பட்டால் எழும்பும். வேர்வை பட்டாலும் போதும். எழும்பினால் ஆளைப் பிடித்து உடம்பின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சி, கருவாடாக்கிப் போட்டுவிடும். சுரங்கத்தில் இருந்த அத்தனை பேரும் போய்ச் சேர்ந்தார்கள். ஹெலன் வார்டு என்று குழாய் ரிப்பேர் பார்க்கும் ஒரு பெண் மட்டும் தப்பித்தாள். எப்படி என்றால், அழவில்லை. கூட இருந்தவர்கள் கண் முன்னால் காய்ந்து விழும்போதும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்தாள். ஞானம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அதைப் பார்த்தாள். படம் முடிந்ததும், "இன்னொரு தடவை போடுங்க" என்றாள்.

இரண்டாம் தடவை நோய் வந்தபோது இரண்டாம் பகுதி வந்தது. ஹெலன் திரும்பவும் அந்தச் சுரங்கத்துக்குள் இறங்கி, மாட்டிக்கொண்ட ஒரு கிழட்டு மேஸ்திரியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். ஞானமும் வெளியே வந்தாள். பள்ளிக்கூடம் போனாள், பரீட்சைத் தாள் திருத்தினாள், பையன்களைத் திட்டினாள். எங்கள் வீட்டில் ஹெலனைப் பற்றி ஒரு சொந்தக்காரியைப் போலத்தான் பேசுவோம். மருந்து குடித்துவிட்டு வாந்தி வரும்போது ஞானம் சொல்வாள்: "ஹெலனா இருந்தா இதையெல்லாம் கணக்குல எடுக்கமாட்டா." சிரிப்பதற்குச் சொன்னதுதான். ஆனால் அதைச் சொல்லிச் சொல்லியே அவள் ஒவ்வொரு நாளையும் தள்ளினாள் என்பது எனக்குத் தெரியும்.

மூன்றாம் தடவை டாக்டர் நோர்மா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "இன்னொரு ரவுண்டு மருந்து வேணும். கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா வழி இருக்கு" என்றார். அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை வந்து படுக்கச் சொன்னார். ஞானம் தலையை ஆட்டினாள். அந்த வாரமே மூன்றாம் பகுதி வருகிறது என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது.

படம் தியேட்டரில் கழகத்தின் சிறப்புக் காட்சியாக வந்தது. கழகத்தை ஆரம்பித்தவர்கள் யாழ்ப்பாணத்து ரயில்வே கிளார்க்குகள். ரயிலை விட்டுப் பென்ஷன் வாங்கி வந்த பிறகும் நேர அட்டவணையையும் கூட்டக் குறிப்பையும் விடமுடியாமல், சினிமாவைப் பிடித்துக்கொண்டவர்கள். கழகம் விழா நடத்தும் மண்டபம் செட்டியார்களுடையது. அதனால் தலைவர் எப்போதும் யாழ்ப்பாணத்தார், துணைத் தலைவர் எப்போதும் செட்டியார். படத்துக்கு முன்னால் தேவாரம், குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை எல்லாம் உண்டு. விளக்கு திரைச்சீலைக்குப் பக்கத்தில் எரிந்ததால் தியேட்டர் மேனேஜர் ஒரு வாளித் தண்ணீரோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

தலைவர் சிவகுருநாதன் பேசினார். சில்க் ஜிப்பா, தங்கப் பிரேம் கண்ணாடி. "முக்கனி, முத்தமிழ், மூவேந்தர். மூன்று என்பது நிறைவைக் குறிக்கும் எண். ஆகவே இந்த மூன்றாம் பகுதி முதல் இரண்டையும் விஞ்சி நிற்கிறது என்பதை இக்கழகம் உறுதியாகச் சொல்கிறது" என்றார். கைதட்டினோம். ஞானமும் தட்டினாள். கொஞ்சம் பவுடர் போட்டு, பச்சைச் சேலை கட்டி வந்திருந்தாள்.

விளக்கு அணைந்தது. திரையில் ஒரு விண்கப்பல் வந்து நின்றது. ஓர் ஆள் உள்ளே போய் எட்டிப் பார்த்தான். "ஹெலன் வார்டு. தூக்கத்திலேயே போய்விட்டாள்" என்றான். அவளுடைய ஹெல்மெட்டை எடுத்து ஒரு அலமாரியில் வைத்து மூடினான். அவ்வளவுதான். முகத்தைக்கூடக் காட்டவில்லை. பின்வரிசையில் அப்போதுதான் குவாச்சி பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு இருந்தார்கள், விதையை உடைக்கும் சத்தம் கேட்டது. அதன்பிறகு புதிதாக ஒரு கதாநாயகன் வந்தான். புஜம் இரண்டும் பூசணிக்காய் அளவு. நிலாவில் மோட்டார் சைக்கிள் ஓட்டினான். பிராணிக்கு இறக்கை முளைத்திருந்தது. கடலில் வேறு நீந்தியது.

ஞானம் என் காதருகே குனிந்து, "தண்ணி பட்டாத்தானே அது எழும்பும்? இப்போ தண்ணியிலேயே குடியிருக்குதே" என்றாள்.

"ஆமாலா" என்றேன்.

முன்வரிசையில் நிர்வாகக் குழு முழுவதும் தூங்கிக்கொண்டு இருந்தது. படம் முடிந்து விளக்கு எரிந்ததும் எழுந்து கைதட்டினார்கள். நன்றியுரைக்கு நாங்கள் நிற்கவில்லை.

காரில் வரும்போது ஞானம், "அப்போ ரெண்டு தடவை தப்பிச்சதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டாள்.

"படம்தானே ஞானம்."

"படம்தான்" என்றாள்.

மறுநாள் காலை ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்: "டாக்டர் நோர்மாகிட்டச் சொல்லிடுங்க. நான் வரல. போதும்." சத்தம் போடவில்லை, அழவில்லை. பரீட்சை மார்க்கை வாசிக்கிற குரல். அவள் சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

நான் என்னென்னவோ பேசிப் பார்த்தேன். கோபித்துப் பார்த்தேன். அவளுடைய தங்கையை நிபோங் திபாலிலிருந்து கூப்பிட்டுப் பேசச் சொன்னேன். தங்கை பேசிவிட்டு அழுதுவிட்டு பஸ் ஏறிப் போனாள். ஞானம் அசையவில்லை. அந்த வாரம் கழகத்தின் மாத இதழ் வேறு வந்து சேர்ந்தது. அட்டையில் தலைவர் குத்துவிளக்கு ஏற்றுகிறார். உள்ளே அவர் எழுதிய விமர்சனம்: "நாயகியின் முடிவு பொருத்தமானது, அமைதியானது, எவரும் விரும்பத்தக்கது." ஞானம் அதை வாசித்து, மடித்து, மேசையில் வைத்தாள். "பாருங்க, படிச்சவங்களே சொல்லிட்டாங்க" என்றாள்.

எனக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. ஸ்டோர் கிளார்க்கின் வழி. படத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். 'ஹெலன் செத்தது சரியில்லை, கதை எழுதியவன் தப்புச் செய்துவிட்டான்' என்று அதே இதழில் அதே எழுத்தில் ஒரு வரி வந்தால் போதும். அதைக் கொண்டுபோய் ஞானத்திடம் காட்டுவேன். முட்டாள்தனமான யோசனை என்றுதான் இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு அதைவிட நல்ல யோசனை இல்லை.

கழக அலுவலகம் மெக்கலிஸ்டர் சாலையில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. செயலாளர் கந்தப்பு அங்கேயே கிடப்பார். பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில்.

"வாரும், இரும். என்ன விசயம்?" என்றார்.

"அண்ணே, அந்த மூணாம் பகுதி சரியில்ல. கழகம் அதை இதழ்ல ஒரு வரி போடணும்."

"என்ன வரி?"

"சரியில்லன்னு."

கந்தப்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அலமாரியிலிருந்து சட்டவிதியை எடுத்துப் புரட்டினார். ஓரெழுத்து விடாமல் அவருக்கு மனப்பாடம், இருந்தாலும் புரட்டினார். "சரியில்லை எண்டு சொல்லுறதுக்கு இதில பிரிவு இல்லையே. அப்படி ஒரு வரி போட்டா சங்கப் பதிவு இலாகா கேட்கும், எந்தப் பிரிவில போட்டனீர் எண்டு. நான் என்ன சொல்ல? என்ன நடந்தது எண்டு ஒழுங்காச் சொல்லும், எதிலயாவது கொழுவிப் பாப்பம்."

"ஹெலன் செத்துட்டா, அண்ணே. ரெண்டு தடவை தப்பிச்சவ. ஒரு வரியில முடிச்சிட்டாங்க. எங்க வீட்டுல அன்னைக்கிலேருந்து சரியாச் சாப்பிடறதில்ல."

கந்தப்புவின் முகம் மலர்ந்தது. "அட, ஒரு மரணம். இதை முதலே சொல்லியிருக்கலாமே. அனுதாபத் தீர்மானம். பிரிவு பதினொண்டு."

"அண்ணே, அது சினிமாவில வர்ற ஆள்."

"எனக்குத் தெரியாதே? ஆனா செத்தது உண்மைதானே?"

"படத்துக்குள்ள."

"பிரிவு பதினொண்டில எங்க வைச்சுச் சாகவேணும் எண்டு இல்லை" என்றார் கந்தப்பு. பேனாவைத் திறந்தார். "பேர் ஹெலன். ஊர்?"

"ஊர்... வேற நிலா."

அவர் 'வெளிநாடு' என்று எழுதினார். "கலியாணம் கட்டினவவோ?"

"இல்ல."

"நெருங்கின உறவு ஆர்?"

நான் தலையைச் சொறிந்தேன்.

"அறிவிச்சது நீர்தானே. உம்மட பேரையும் பெண்சாதி பேரையும் போடுறன்."

ஒரு நிமிட மௌனத்தோடு போய்விடும், அந்த மௌனமாவது இதழில் அச்சாகும் என்று நான் எண்ணிக்கொண்டு எழுந்து வந்தேன். கழகத்தை அறியாமல் எண்ணியது. அந்த வருஷம் கழகத்துக்கு எந்த விழாவும் அமையவில்லை. யாரும் டத்தோ பட்டம் வாங்கவில்லை, யாருக்கும் மணிவிழா வரவில்லை, உறுப்பினர்களில் ஒருவரும் சாகவும் இல்லை. தலைவர் தவித்துக்கொண்டு இருந்தார். கந்தப்புவின் குறிப்பைப் பார்த்ததும் அவசரக் கூட்டம் போட்டார். நெருங்கின உறவு என்பதால் என்னையும் அழைத்திருந்தார்கள்.

முதல் தகராறு நாளைப் பற்றி வந்தது. துணைத் தலைவர் குமரப்பன் எழுந்து, "பதினாறாம் நாள் கருமாதி வெச்சிடுவோம். மண்டபம் அன்னைக்குக் காலி" என்றார். கந்தப்பு உடனே, "எங்கட வழக்கத்தில முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அண்டைக்குத்தான் கல்வெட்டு அடிச்சுக் குடுக்கிறது" என்றார். கல்வெட்டு என்றால் கல் அல்ல, செத்தவருடைய படம், குலம், ஊர், புகழ் எல்லாவற்றையும் பாட்டாக எழுதி அச்சடித்துக் கொடுக்கும் சின்னப் புத்தகம். யாழ்ப்பாணத்தாருக்கு அது இல்லாமல் சாவு முழுமை ஆகாது.

"செத்தவங்க உங்க ஊரா, எங்க ஊரா? ரெண்டும் இல்லையே. அப்புறம் எதுக்கு உங்க வழக்கம்?" என்றார் குமரப்பன்.

"அறிவிச்சவர் எங்கட ஆள்."

"சரி, அதை விடுங்க. எந்த நாள்லேருந்து எண்ணுறது? படத்துல வர்றது இன்னும் நூத்தம்பது வருஷம் கழிச்சுன்னு எங்க வீட்டுப் பையன் சொல்றான். பொறக்கவே இல்லாதவளுக்கு என்னண்ணே கருமாதி?"

இது நியாயமான கேள்வி என்று எனக்குப் பட்டது. நான் நம்பிக்கையோடு தலைவரைப் பார்த்தேன். சிவகுருநாதன் ஜிப்பாவை நீவிவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"அரசாங்கமே இன்னும் வராத இரண்டாயிரத்து இருபதுக்குத் திட்டம் போட்டு, அதை நோக்கிப் போய்க்கொண்டு இருக்கிறது. ஒரு கழகம் அதைவிடச் சற்றுத் தூரம் பார்ப்பதில் என்ன தவறு? நடக்கப்போகும் மரணத்துக்கு முன்கூட்டியே இரங்கல் தெரிவித்த முதல் சங்கம் என்ற பெருமை நமக்கு வேண்டாமா?"

வேண்டும் என்று எல்லாரும் கை தூக்கினார்கள். காட்சி நடந்த நாளே திதி என்று முடிவானது. முப்பத்தோராம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. டாக்டர் நோர்மா வரச் சொன்ன திங்கட்கிழமைக்கு முந்தின நாள். குமரப்பன் கோபத்தோடு வெளிநடப்புச் செய்தார். சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு வந்ததும் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"ஐயா, நான் கேட்டது ஒரு வரிதான். படம் சரியில்லன்னு" என்றேன்.

தலைவர் என்னைக் கனிவோடு பார்த்தார். "தம்பி, துக்கத்தில் மனிதன் ஏதேதோ பேசுவான். கழகம் அதைப் பொருட்படுத்தாது."

அடுத்தது புகைப்படம். கந்தப்பு தியேட்டர் போஸ்டரிலிருந்து ஹெலனை வெட்டி எடுத்து, கேம்பல் தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் இப்ராஹிமிடம் கொண்டுபோனார். துணைக்கு என்னையும் இழுத்துப் போனார். போஸ்டரில் ஹெலன் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பானரை ஓங்கியிருந்தாள். முகமெல்லாம் கரி.

"ஸ்பானரை எடுத்துப்போடும். கரியைத் துடைச்சுவிடும். வாயை மூடிவிடும். ஒரு சாந்தமா இருக்கவேணும்" என்றார் கந்தப்பு.

"பொட்டு?" என்றார் இப்ராஹிம். இந்தக் கழகத்துக்கு வருஷக்கணக்காகப் படம் திருத்துகிறவர்.

கந்தப்பு திணறிப்போனார். வெள்ளைக்காரி, ஆனால் திதி நம்முடைய முறைப்படி. கடைசியில், பார்ப்பவர் பார்வைக்கு ஏற்ப இருக்கிற மாதிரியும் இல்லாத மாதிரியும் ஒரு புள்ளி வைக்கச் சொன்னார். இப்ராஹிம் ஒரு வார்த்தை கேட்காமல் வைத்தார். திருத்தி முடித்த படத்தைப் பார்த்தேன். அது ஹெலன் இல்லை. அரசாங்க ஆபீஸில் தலைமை டைப்பிஸ்டாக இருந்து இளைப்பாறிய ஒரு பெண்மணி.

இத்தனையும் நடக்கும்போது வீட்டில் ஞானம் அலமாரியைச் சுத்தம் செய்துகொண்டு இருந்தாள். நல்ல சேலைகளைத் தங்கைக்கென்று தனியாக மடித்து வைத்தாள். பள்ளிக்கூடத்து வேலையை வேறொரு டீச்சருக்குச் சொல்லிக்கொடுத்தாள். நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வரச் சொன்னபோது, "யாருக்கு?" என்று கேட்டாள்.

"ஹெலனுக்கு."

என்னை உற்றுப் பார்த்தாள். "நெசமாவா?"

"நெசமாத்தான். கல்வெட்டெல்லாம் அடிச்சிருக்காங்க."

"நான் வாறேன்" என்றாள். அந்த மாதத்தில் அவள் ஏதாவது ஒன்றுக்கு வருகிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் ஹெலன், ரோஜா மாலையோடு. முன்னால் குத்துவிளக்கு, தேங்காய், பழம். வாசலில் யோகம்மா, தலைவரின் மனைவி, எல்லாருக்கும் கல்வெட்டு கொடுத்துக்கொண்டு இருந்தார். எங்களைக் கண்டதும் ஞானத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எங்களை முன்வரிசையில், உறவினர் என்று எழுதியிருந்த நாற்காலிகளில் உட்காரவைத்தார்கள். ஊர்ப்பட்ட ஜனம் வரிசையாக வந்து எங்கள் கையைத் தொட்டு, "என்ன செய்யறது, எல்லாம் விதி" என்று சொல்லிவிட்டுப் போனது. நான் முதலில் விளக்கம் சொல்லப் பார்த்தேன். பிறகு கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், அதுதான் சுலபமாக இருந்தது.

ஞானம் கல்வெட்டைத் திறந்தாள். முதல் பக்கம் தலைவரின் படம். இரண்டாம் பக்கம் தலைவர் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில். மூன்றாம் பக்கம் ஹெலன். ஹெலனின் குலமரபு கிடைக்காததால், கழகத்தை நிறுவிய ரயில்வே கிளார்க்குகளின் பெயர்களை அந்த இடத்தில் போட்டிருந்தார்கள். பிறகு பாட்டு:

உப்பு நிலாவில் உதித்துழைத்த உத்தமியாள்
ஒப்பற்ற ஹெலனம்மை ஓயாத் துயர்நீங்கி
எப்போதும் சிரித்தமுகம் எவரையுமே எதிர்க்காமல்
அப்பாலே சென்றடைந்தாள் அமைதிப் பெருந்துயிலே.

"எவரையுமே எதிர்க்காமல்" என்று ஞானம் மெதுவாக வாசித்தாள். திரும்பவும் ஒரு தடவை வாசித்தாள்.

தலைவர் பேச எழுந்தார்.

"நண்பர்களே, நான் இந்தப் படத்தைப் பார்த்ததில்லை. முந்திய இரண்டையும் பார்த்ததில்லை. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. பார்ப்பவனுக்கு அபிப்பிராயம் வரும். அபிப்பிராயம் வந்தால் சண்டை வரும். சண்டை வந்தால் சங்கம் உடையும். இந்தத் தீவில் எத்தனையோ சங்கங்கள் உடைந்தன, இரண்டாயின, நாலாயின. நம் கழகம் உடையவில்லை. ஏன்? இங்கே முன்வரிசையில் இருப்பவர்கள் எவரும் இதுவரை ஒரு படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை!"

பலத்த கைதட்டல். முன்வரிசை தலைகுனிந்து அதை ஏற்றுக்கொண்டது.

"சிலர் கேட்கிறார்கள், ரசனைக் கழகம் நல்லது கெட்டது சொல்லவேண்டாமா என்று. நல்லது கெட்டது சொல்வது எளிது. எவனும் சொல்வான். எதையும் ஏற்றுக்கொள்வதே உயர்ந்த ரசனை. ஹெலன் ஏற்றுக்கொண்டாள். கேள்வி கேட்காமல், தொந்தரவு கொடுக்காமல் போனாள். நாம் எல்லாருமே அப்படிப் போகப் பழகவேண்டும்." இங்கே குரல் தழைந்தது. "நம் முன்னால் அமர்ந்திருக்கும் ஞானாம்பிகை அம்மையாரின் உடல்நிலையை நாம் அறிவோம். அம்மையார் கவலைப்பட வேண்டாம். அந்த வேளை வரும்போது, இதைவிடச் சிறப்பாக, இதைவிடப் பெரிய மண்டபத்தில் இக்கழகம் தன் கடமையைச் செய்யும்!"

இதற்கும் கைதட்டினார்கள். எனக்கு எழுந்து அவருடைய மைக்கைப் பிடுங்கவேண்டும்போல் இருந்தது. உறவினர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஞானத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்தேன். அவள் கணக்குத் தப்பாகப் போட்ட பையனைப் பார்ப்பதுபோல் மேடையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

எழுந்து நின்றாள். "தலைவர் ஐயா, ஒரு கேள்வி."

கழகத்தில் கேள்விக்கும் பிரிவு இல்லை. ஆனால் உறவினர் என்பதால் விட்டார்கள்.

"ஹெலன் எப்படிச் செத்தா?"

தலைவர் கந்தப்புவைப் பார்த்தார். கந்தப்பு கல்வெட்டைப் பார்த்தார். குமரப்பன் சாப்பாட்டு அறைப் பக்கம் பார்த்தார்.

"இறைவன் அழைத்தான்" என்றார் தலைவர்.

"சரி" என்று ஞானம் உட்கார்ந்தாள்.

பிறகு ஒரு நிமிட மௌனம். அதற்குப் பிறகு சாப்பாடு. பந்தியில் யோகம்மா ஞானத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, கோவிச்சுக்காதீங்க. இவர் உங்களுக்கும் பாட்டு எழுதத் தொடங்கிட்டார். ஹெலனுக்கு எதுகை கிடைக்காம ரொம்ப சூசா பட்டார், பாவம். உங்க பேர் சுலபமாம்லா. ஞானம், வானம், மானம், எல்லாமே வருதாம்" என்றார். ஞானம் வடையை மென்றுகொண்டே தலையை ஆட்டினாள்.

கைகழுவும் இடத்தில் கந்தப்பு காத்துக்கொண்டு இருந்தார். என்னை விட்டுவிட்டு நேராக அவளிடமே கேட்டார். "தங்கச்சி, நல்ல படம் ஒண்டு இருந்தா இப்பவே தந்து வையுங்கோ. கடைசி நேரத்தில தேடி, ஐசி கார்டுப் படத்தைப் போடவேண்டியதாப் போகுது. போன வருசம் ஒராள், பாவம், கள்ளன் மாதிரி விழுந்திருந்தார்."

"பொட்டு வெச்ச படமா, வெக்காததா அண்ணே?" என்று கேட்டாள் ஞானம்.

"உங்களுக்குப் பிரச்சினை இல்லை. உங்கட சமயம் தெரிஞ்சதுதானே" என்றார் கந்தப்பு நிம்மதியோடு.

காருக்கு வந்தோம். வெயில் கொளுத்தியது. நான் சாவியைப் போட்டேன், வண்டியைக் கிளப்பாமல் இருந்தேன். "ஞானம், நான்தான் போய்ச் சொன்னேன். இப்படி ஆகும்னு..." என்று ஆரம்பித்தேன்.

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டு இருந்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தாள். சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

"நான் செத்தா அந்த ஆளு மானம் வானம்னு பாட்டு எழுதுவாரு. கந்தப்பு அண்ணே என் வாயை மூடவெச்சுப் படம் திருத்துவாரு. குமரப்பன் அண்ணே பதினாறா முப்பத்தொண்ணான்னு சண்டை பிடிப்பாரு. நீங்க முன்வரிசையில உக்காந்துகிட்டு எல்லாத்துக்கும் கை நீட்டுவீங்க. 'எதிர்க்காமல் போனாள்'னு அச்சடிப்பாங்க. என்னைப் பத்தி. எதிர்க்காமலாம்!" அவள் கல்வெட்டைச் சுருட்டி டேஷ்போர்டில் ஓர் அடி அடித்தாள். "இவங்க கையில மாட்டமுடியாது. நாளைக்கு எத்தனை மணிக்குப் போகணும்?"

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்குத்தான். வேற எங்க? வண்டியை எடுங்க."

வண்டியை எடுத்தேன். முதல் கியருக்குப் பதில் ரிவர்ஸில் போட்டுவிட்டேன், பின்னால் நின்ற குமரப்பனின் கெரேத்தா நசுங்காமல் தப்பியது.

திங்கட்கிழமை டாக்டர் நோர்மா ஞானத்தைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டார். வரமாட்டாள் என்று நான்தானே போன் செய்து சொல்லியிருந்தேன். மனதை மாற்றியது எது என்று கேட்டார்.

"எங்க கழகம், டாக்டர். எங்களுக்குன்னு ஒரு சங்கம் இருக்கு. ரொம்ப அக்கறையா இருக்காங்க" என்றாள் ஞானம்.

டாக்டர் நோர்மாவுக்கு மெத்தச் சந்தோஷம். "சமூக ஆதரவு ரொம்ப முக்கியம்" என்று சொல்லி, அதைக் கோப்பில் எழுதியும் வைத்தார். இந்த நோயாளிக்குக் கிடைத்த மாதிரி எல்லாருக்கும் கிடைத்தால் நன்றாயிருக்கும் என்றார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

அந்த மருந்து கொடுமையாகத்தான் இருந்தது. முடி போனது, ருசி போனது. வாந்தி வரும்போதெல்லாம் ஹெலனைச் சொன்ன இடத்தில் இப்போது தலைவரைச் சொன்னாள். "வானம், மானம்" என்பாள், வாயைத் துடைத்துக்கொள்வாள், தட்டை இழுத்து இன்னும் இரண்டு வாய் சாப்பிடுவாள்.

முடி திரும்ப வளர்ந்து, அதைச் சீப்பில் வாரும் அளவுக்கு வந்த பிறகு ஒரு காலை பாசாருக்குப் போயிருந்தோம். காய்கறிக் கடையில் கந்தப்பு. கழக இதழ் கட்டொன்று அக்குளில். எங்களைக் கண்டதும் வந்து சுகம் விசாரித்தார். கொஞ்சம் தயங்கினார்.

"தங்கச்சி, அந்தப் படம்..."

"இன்னும் எடுக்கல, அண்ணே" என்றாள் ஞானம், கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே. "அவசரமா?"

"சே, அவசரமில்லை, அவசரமில்லை." கந்தப்பு செருப்புக் காலால் தரையைத் தேய்த்தார். "தலைவர் பாட்டை முடிச்சிட்டார். அச்சுக்குக் குடுக்காமக் கிடக்குது. அதுதான் கேட்டனான்."

"வெச்சிருக்கச் சொல்லுங்க" என்றாள் அவள். சொத்தை விழுந்த கத்தரிக்காய் ஒன்றை எடுத்துக் கடைக்காரியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, மீதியைத் தராசில் போட்டாள்.